முழங்கைக்கும் திறக்கும் கதவு

அலுவலகக் கதவுக்கு உருண்டைக் குமிழைவிட லீவர் கைப்பிடியே மேல். குமிழை இறுகப் பற்றித் திருக வேண்டும். ஈரக் கை வழுக்கும், மூட்டுவலிக் கைக்கு அது தண்டனை. லீவரோ முழங்கை அழுத்தினாலே தாழ்கிறது. கோப்புகளைச் சுமந்து வருபவர் அவற்றைக் கீழே வைக்க வேண்டியதில்லை. தரமான பிடியில் ஸ்பிரிங் இதமாக எதிர்க்கும், தாழின் நாக்கு ‘டக்’கென ஒரே ஒலியில் உள்வாங்கும், கையை எடுத்ததும் பிடி பிசகாமல் கிடைமட்டத்துக்குத் திரும்பும். இந்தத் திரும்பலில்தான் செய்தவரின் பொறுமை தெரிகிறது. புடவைத் தலைப்பு மாட்டிக்கொள்ளும் என்பார்கள். அதற்காகவே நுனியைக் கதவுப் பக்கமாக வளைத்த பிடிகள் கிடைக்கின்றன. நாளடைவில் லீவர் தொங்கிப்போகும் என்பதும் உண்மை, ஆனால் அது மலிவான ஸ்பிரிங்கின் குறை. பூட்டுள்ள பிடியானால், வெளிப்பக்கம் பூட்டியிருந்தாலும், தீ, புகை நேரத்தில் உள்ளிருப்பவர் சாவி தேடாமல் ஒரே அழுத்தில் வெளியேற வேண்டும். கனடாவின் வான்கூவர் நகரம் 2014 முதல் புதிய வீடுகளுக்கே லீவரைக் கட்டாயமாக்கியது. வாங்குமுன் கடையிலேயே முழங்கையால் அழுத்திப் பாருங்கள்.