நல்லாசிரியர் யார்?

ஆசிரியக் கல்வி பற்றிப் பேசப்படும் இடமெல்லாம் இன்று 'தேர்ச்சி' என்னும் சொல் ஒலிக்கின்றது. பாடக்குறிப்பு எழுதுதல், வினாத் தொடுத்தல், கரும்பலகையைப் பயன்படுத்தல் என ஆசிரியத் தொழிலைக் கூறுகளாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் புள்ளியிடுவர். 1963இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் உருவான நுண்கற்பித்தல் முறை இப்போக்குக்கு வழிகோலியவற்றுள் ஒன்று. சில நிமிடப் பாடம், சிறு மாணவர் குழு, ஒரே திறன்: பயிற்சிக்கு இது பயன்படும் என்பதை நாம் மறுக்கவில்லை. பயிற்சிக் கருவியே ஆசிரியரை அளக்கும் முழு அளவுகோலாகிவிடுவதைத்தான் மறுக்கின்றோம்.

ஆசிரியருக்கு இலக்கணம் வகுப்பது நமக்குப் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்திலே நல்லாசிரியரை நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றோடு ஒப்பிட்டார். கலைத்தெளிவையும் உலகியலறிவையும் வேண்டினார். ஆயின், அவரது பட்டியல் குலத்தைக் கொண்டே தொடங்குகின்றது. பிறப்பைத் தகுதியாக்கும் மனப்பாங்கு எங்கே கொண்டு சேர்க்கும் என்பதை யாழ்ப்பாணம் அறியும். 1930ஆம் ஆண்டளவில் பள்ளிகளிற் சம ஆசனம் வழங்க முற்பட்டபோது எதிர்ப்பு மூண்டதும், பள்ளிக்கூடங்கள் தீக்கிரையானதும் வரலாறு. ஆகவே பழமை என்பதற்காக நாம் எதையும் தலைமேற் கொள்ளோம்.

எனினும், ஆசிரியராகத் தகாதவருக்குப் பவணந்தியார் கூறிய உவமைகளுள் ஒன்று நம் காலத்துக்கும் பொருந்தும். அது முடத்தெங்கு, ஒருவர் நீர்வார்க்க, அடுத்தவர் வளவிற் காயை உதிர்க்கும் வளைந்த தென்னை. 1945 தொடக்கம் இந்நாட்டில் இலவசக் கல்வி நடைபெறுகின்றது. உழவரும் தோட்டத் தொழிலாளரும் செலுத்தும் வரியும் அதற்கு வார்க்கப்படும் நீரே. வகுப்பறையில் அரைகுறையாக விட்ட பாடத்தை, மாலையிற் கட்டணம் பெறும் தனியார் வகுப்பில் நிறைவு செய்பவர் முடத்தெங்கன்றி வேறு யார்? அவரும் தேர்ச்சிப் பட்டியலில் முழுப்புள்ளி பெறக்கூடும். திறன் அவரிடம் உண்டு. அத்திறன் யாருக்குப் பயன்படுகின்றது என்ற வினாவே பட்டியலில் இல்லை.

ஆசிரியர் ஊதியம் போதாது என்பது மெய். அதற்காக ஒன்றுபட்டுப் போராடுதல் கடமை. ஆனால் அப்போதாமையின் சுமையைக் கட்டணம் செலுத்த இயலாத பிள்ளையின் தலையில் இறக்குதல் நீதியன்று.

பாடத்தை அறிந்திருப்பதோடு, அப்பாடத்திற் பிள்ளை எங்கே இடறுகின்றது என்பதையும் அறிந்து, கைகொடுத்து எழுப்புபவரே தேர்ச்சி பெற்ற ஆசிரியர். பயிற்சி ஆசிரியரை மதிப்பிட வருவோர் கரும்பலகையை மட்டும் பார்த்துத் திரும்பற்க. கடைசி வாங்கிலிருக்கும் பிள்ளையின் கொப்பியையும் விரித்துப் பார்க்க.