ஐனு மொழியும் நமது ஒப்புமை ஆசையும்

ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவுண்டு என்று பேராசிரியர் சுசுமு ஓனோ சொன்னது நம் சங்க மலர்களுக்கு ரொம்பப் பிடித்த செய்தி. அந்த உற்சாகத்தில் ஐனுவையும் இழுத்துவந்து 'அதுவும் தமிழ்தான்' என்று நம்மவர் சிலர் முடித்துவிடுகிறார்கள். இங்கேதான் இடிக்கிறது. ஓனோ பேசியது ஜப்பானியத்தைப் பற்றி. (அதையே மொழியியலார் பெரும்பாலோர் ஏற்கவில்லை என்பது வேறு கதை.) ஐனு என்பது ஹொக்கைடோ, சகாலின், குரில் தீவுகளில் வழங்கிய தனிமொழி. ஜப்பானியத்தோடுகூட அதற்கு உறவு நிறுவப்படவில்லை.

உறவை எப்படி நிறுவுவது? விழிஞ்ஞம் கடைத்தெருவில் அரைமணி நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றால் புரிந்துவிடும். நாம் கஞ்சி என்பதை அவர்கள் கஞ்ஞி என்கிறார்கள். மஞ்சள் மஞ்ஞள் ஆகிறது. மாங்காய் மாங்ங, தேங்காய் தேங்ங, வந்து வந்நு. மெல்லினத்தை அடுத்த வல்லினம் மெல்லினமாகவே கரைந்துபோகிறது. அஞ்சு மட்டும் மாறாமல் நிற்கிறதே என்றால், அது ஐந்து என்பதிலிருந்து வந்த சொல். இப்படி வரிசை வரிசையாக, விலக்குக்கும் காரணம் சொல்லும்படி அமைவதுதான் உறவு. ஒன்றிரண்டு சொல் ஒலிப்பில் ஒத்துப்போவது உறவாகாது.

ஐனுவில் இரண்டுக்கு 'து' என்று பெயர். ஆங்கிலத்தில் டூ! அதற்காக இரண்டும் ஒரு தாய் பிள்ளைகளா? 1889-இல் ஐனு அகராதி வெளியிட்ட பாதிரியார் ஜான் பாச்சலர் அந்த மொழிக்கு இந்தோ-ஐரோப்பிய உறவு கண்டார். 1982-இல் ஜேம்ஸ் பாட்ரி அல்தாய்க் குடும்பத்தில் சேர்த்தார். அலெக்சாண்டர் வோவின் 1993-இல் மூல ஐனுவை மீட்டமைத்து, ஆஸ்திரோ-ஆசிய மொழிகளோடு தயக்கத்துடன் ஒப்பிட்டார். எதுவும் நிலைக்கவில்லை. தெய்வத்துக்கு ஐனுவில் 'கமுய்', ஜப்பானியத்தில் 'கமி' என்பதும் கொடுக்கல் வாங்கலாக இருக்கலாம்.

ஊர்ப்பெயர்கள்தான் உறுதியான சான்று. ஐனுவில் 'பெத்' ஆறு, 'நாய்' ஓடை. நொபொரிபெத்சு, வக்கனாய் போன்ற பெயர்கள் ஹொக்கைடோ முழுக்க இருக்கின்றன. ஹொன்ஷுவின் வடகோடியிலும் தென்படுகின்றன. மூலம் தெரியாவிட்டாலும் அம்மக்கள் எதுவரை பரவியிருந்தார்கள் என்பதை இவை காட்டுகின்றன.

1899-இன் சட்டமும் ஜப்பானியப் பள்ளிகளும் வந்தபின் வீட்டுக்குள்ளேயே ஐனு ஒடுங்கியது. சிரி யுகியே என்ற ஐனுப் பெண் தன் மொழியின் மூலத்தைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. பாட்டியும் அத்தையும் பாடக் கேட்டு வளர்ந்த அந்த மரபிலிருந்து 13 பாடல்களை ரோமன் எழுத்தில் எழுதி, ஜப்பானிய மொழிபெயர்ப்பையும் சேர்த்தாள். 1922-இல் இறந்தபோது அவளுக்கு வயசு 19. புத்தகம் மறு வருஷம் வெளிவந்தது.