வாசிக்காத கைக்கும் மதிப்பெண்

ஜாஸ் பியானோவில் யார் பெரியவர் என்ற பேச்சு வந்தால் கணக்கு வலது கையில்தான் தொடங்கும். ஆர்ட் டேட்டமின் வேகம், பட் பவலின் அறுபடாத நீண்ட வரிகள், கட்டைகளின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஆஸ்கார் பீட்டர்சன் பாயும் பாய்ச்சல் எல்லாம் கேட்டவுடன் காதில் விழுகிற சாதனைகள். எண்ணிப் பார்க்கவும் வசதியானவை. தனியாக உட்கார்ந்து வாசிப்பவருக்கு இந்த அளவுகோல் போதும். மூன்று பேர், நான்கு பேர் சேர்ந்து வாசிக்கும் சிறு குழுவுக்கு இது போதாது. எதிர்முனையில் நின்றவர் எப்போது ஓடினார், எப்போது ஓடாமல் நின்றார் என்று பார்க்காமல் ஒரு கிரிக்கெட் பார்ட்னர்ஷிப்பை எடைபோடுவது போல அது. 1958 முதல் 1962 வரை அமெரிக்காவில் பதிவான பியானோ டிரியோக்களை வரிசையாகக் கேட்டால் ஒன்று பளிச்சென்று புலப்படுகிறது. குழு உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்தது பியானோ கலைஞர் எதை வாசித்தார் என்பதைவிட, எங்கே கையை எடுத்தார் என்பதுதான்.

முதல் சாட்சி அகமது ஜமால். 1958 ஜனவரி 16 அன்று சிகாகோவின் பெர்ஷிங் ஓட்டல் லவுஞ்சில், டபுள் பேஸில் இஸ்ரேல் கிராஸ்பி, டிரம்ஸில் வெர்னல் ஃபோர்னியே. அன்று பதிவானவற்றிலிருந்து எட்டே எட்டுப் பாடல்களைப் பொறுக்கி ‘பட் நாட் ஃபார் மீ’ என்ற தட்டு வெளிவந்தது. அதன் தலைப்புப் பாடலைக் கவனியுங்கள். ஜமால் மெட்டின் ஒரு துண்டை வாசிக்கிறார், நிறுத்துகிறார். பேஸும் டிரம்ஸும் தம் பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கின்றன. மெட்டின் மீதியைக் கேட்பவரின் மனம் தானே பாடிக்கொள்கிறது. அதே தட்டில் வரும் ‘பாயின்சியானா’ எட்டு நிமிடம் ஓடுகிறது. அதில் ஃபோர்னியே ஒரு கையில் பஞ்சுத்தலைக் கோலையும் மறுகையில் சாதாரணக் குச்சியையும் பிடித்து வாசிப்பது இரண்டு டிரம்மர்கள் வாசிப்பது போலக் கேட்கும். அவர் நியூ ஆர்லியன்ஸ்காரர், அந்த ஊர்த் தெரு ஊர்வலங்களின் நடை அவர் கையில் இருக்கிறது. அந்தப் பதிவை இன்றும் நினைவில் நிறுத்துவது அவருடைய தாளக்கட்டும் கிராஸ்பி விடாமல் திருப்பித் திருப்பி வாசிக்கும் பேஸ் வரியும்தான். அவை காதில் விழுவதற்கு ஒரே காரணம், குழுத் தலைவர் வழியை மறிக்காமல் இருந்தது.

அன்றைய விமர்சகர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. மது விடுதியில் பின்னணிக்கு வாசிக்கிற ஆள் என்று ஒதுக்கினார்கள். ஜனங்கள் வேறுவிதமாக நினைத்தார்கள், அந்தத் தட்டு பில்போர்டு பட்டியலில் 100 வாரங்களுக்கும் மேல் இருந்தது. விற்பனையை வைத்துக் கலையை நிரூபிக்க முடியாதுதான். ஆனால் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் காதை அப்படித் தள்ளிவிட முடியாது. தன் குழுவின் பியானோ கலைஞர் ரெட் கார்லண்டை ஜமால் போல வாசிக்கச் சொன்னவர் அவர். 1956இல் அவருடைய குவின்டெட் நடத்திய பதிவில் ‘அகமத்ஸ் புளூஸ்’ என்ற பாடலுக்கு மைல்ஸே டிரம்பெட்டைக் கீழே வைத்துவிட்டுப் பியானோ, பேஸ், டிரம்ஸ் மூவரை மட்டும் வாசிக்க விட்டார். பெர்ஷிங் தட்டு வெளிவருவதற்கு முன்பே நடந்தது இது. சக கலைஞர்களுக்கு முன்னாலேயே புரிந்த விஷயம் பத்திரிகைக்காரர்களுக்குப் பின்னால்தான் புரிந்தது. (எங்கள் தொழிலில் இது புதிதல்ல.)

ஜமால் விட்ட இடைவெளிகள் பெரும்பாலும் திட்டமிட்டவை. எங்கே நிற்பார் என்பது மற்ற இருவருக்கும் தெரியும். பில் எவன்ஸ் அந்தத் திட்டத்தையும் கைவிட்டுப் பார்த்தார். 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் என்ற நிலவறை கிளப். பிற்பகலும் இரவுமாக ஐந்து சுற்றுகள், பேஸில் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸில் பால் மோஷன், தயாரிப்பு ஓரின் கீப்நியூஸ். பதிவில் கண்ணாடிக் குவளைகளின் சத்தமும் மேசைப் பேச்சும் தெளிவாகக் கேட்கும். எவன்ஸின் இடது கையைத் தனியாகக் கவனித்தால் நுட்பம் பிடிபடும். அவர் கார்டை, அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கொத்தை, அடிக்கும்போது அதன் மூல ஸ்வரத்தை அடிப்பதில்லை. பவல் காலத்து வழக்கம், இடது கை மூல ஸ்வரத்தையும் கூட ஒன்றிரண்டு ஸ்வரங்களையும் சேர்த்துக் கீழே ஊன்றிக் காட்டுவது. எவன்ஸ் அந்த அடித்தளத்தைப் பேஸுக்கே விட்டுவிட்டு நடு ஸ்தாயியில் மூன்று நான்கு ஸ்வரங்களை மட்டும் வைக்கிறார். ஜமாலிடமும் கார்லண்டிடமும் ஏற்கனவே இருந்த வழிதான். ஆனால் லஃபாரோ அப்படிக் கிடைத்த அடித்தளத்தில் ஊன்றி நிற்கவில்லை, மேலே ஏறி எதிர்மெட்டு பாட ஆரம்பித்துவிட்டார். ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’யின் தொடக்கத்தில் டிரம்ஸ் இல்லை. மூன்று எண்ணிக்கையில் நடக்கும் மெட்டைப் பியானோ சொல்ல, பேஸ் அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு மெட்டைச் சொல்கிறது. பிறகு மோஷன் உள்ளே வரும்போது நடை நான்குக்கு மாறுகிறது. முதல் ஒரு நிமிடத்தில் கார்டின் அடியைப் பிடித்து நிறுத்துபவர் என்று யாரையும் காட்ட முடியாது. பாடலின் வடிவம் மூவரின் தலைக்குள்ளும் இருக்கிறது, அதுவே போதும் என்று மூவரும் நம்புகிறார்கள்.

இங்கேதான் வலுவான ஆட்சேபம் எழும். இது லஃபாரோவின் பெருமை, எவன்ஸுக்கு ஏன் கொடுக்க வேண்டும்? அந்த ஞாயிறு கழிந்து 11ஆம் நாள், ஜூலை 6 அன்று, லஃபாரோ கார் விபத்தில் இறந்தார். வயது 25. அடுத்து வெளிவந்த ‘சண்டே அட் த வில்லேஜ் வான்கார்ட்’ தட்டை அவரை முன்னிறுத்தியே தொகுத்தார்கள். முதல் பாடலும் கடைசிப் பாடலும் அவர் இயற்றியவை. அப்படித் தொகுத்ததால் நம் காதும் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கலாம். ஆனால் அவர் பிற பியானோ கலைஞர்களோடு வாசித்ததையும் கேட்க வேண்டும். 1958இல் விக்டர் ஃபெல்ட்மனோடு செய்த பதிவில் அதே விரல்கள், அதே அசாத்திய வேகம். என்றாலும் சோலோ நேரம் போக மற்ற இடங்களில் பெரும்பாலும் பீட்டுக்கு ஒரு ஸ்வரம் என்று நடக்கும் பேஸ்தான். எவன்ஸோடு 1959 டிசம்பரில் செய்த ‘போர்ட்ரெய்ட் இன் ஜாஸ்’ தட்டிலும் பல பாடல்களில் அதே நடைதான், ‘ஆட்டம் லீவ்ஸ்’ போன்ற ஓரிரு இடங்களில்தான் மூவர் பேச்சு முளைக்கிறது. அதற்கும் வான்கார்டுக்கும் இடையே ஒன்றரை ஆண்டு. அந்த ஒன்றரை ஆண்டில் திறந்துகொண்டது பேஸ் கலைஞரின் திறமை அல்ல, அது முன்பே இருந்தது. திறந்தது அவருக்கு முன்னால் இருந்த இடம். அதைத் திறந்துவிடக்கூடியவர் கார்டுகளைக் கையில் வைத்திருந்தவர் ஒருவர்தான்.

அப்படியானால் பீட்டர்சனை என்ன செய்வது? அவர் இரு கையும் நிறைய வாசிப்பவர், அவருடைய டிரியோவைக் குறைத்து மதிப்பிட யாரும் துணியமாட்டார்கள். 1962 டிசம்பரில் ரே பிரவுன், எட் திக்பென் இருவரோடும் பதிவு செய்த ‘நைட் டிரெய்ன்’ இந்த வாதத்துக்கு நேர் எதிரி போலத் தெரியும். உண்மையில் அந்தத் தட்டில்தான் பீட்டர்சன் தன் வழக்கத்தைவிட மிகவும் அடக்கி வாசிக்கிறார். பாடல்கள் குறுகியவை, பல புளூஸ் வடிவங்கள். ‘சி ஜாம் புளூஸ்’ மெட்டே இரண்டு ஸ்வரத்தில் அடங்குவது. கடைசியில் வரும் ‘ஹிம் டு ஃபிரீடம்’ தேவாலயப் பாட்டு போலத் தனிப் பியானோவில் மெதுவாகத் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் சற்று கனத்து, உச்சிக்குப் போய்த் திரும்பவும் இறங்குகிறது. அவருடைய நூற்றுக்கணக்கான பதிவுகளில் ஜனங்கள் மீண்டும் மீண்டும் இதைத் தேடிப் போவது அவர் வேகத்தைக் காட்டிய இடத்துக்காக அல்ல என்பதை அவருடைய ரசிகர்களே யோசித்துப் பார்க்கலாம்.

பீட்டர்சனைவிடச் சிக்கலான எதிர்ச்சான்று டேட்டம். 1956 செப்டம்பரில், தான் இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, சாக்ஸஃபோன் கலைஞர் பென் வெப்ஸ்டரோடு அவர் செய்த பதிவில் பேஸும் டிரம்ஸும் உண்டு, ஆனால் டேட்டம் யாருக்கும் கையளவு இடம் விடுவதில்லை. வெப்ஸ்டர் மெட்டைச் சொல்லும்போதும் பின்னால் ஸ்வர மழை ஓயவில்லை. இருந்தும் அது அற்புதமான பதிவு, அதை மறுத்தால் என் காதில்தான் கோளாறு. எப்படி நடந்தது? இடம் விட்டவர் வெப்ஸ்டர். ‘மை ஒன் அண்ட் ஒன்லி லவ்’ பாடலில் அவர் போட்டிக்கே போகவில்லை. மெட்டை ஏறக்குறைய இருந்தபடியே, ஸ்வரத்தைவிட மூச்சு அதிகம் கேட்கும்படி, நீட்டி வாசித்துவிட்டு ஒதுங்குகிறார். அவரும் ஓடத் தொடங்கியிருந்தால் அந்தத் தட்டு சந்தை இரைச்சலாகியிருக்கும். ஆகவே என் வாதத்தைக் கொஞ்சம் திருத்த வேண்டும். விட்டுக்கொடுப்பவர் பியானோ கலைஞராகவே இருக்க வேண்டும் என்பதில்லை, யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தாக வேண்டும். ஆனால் பத்து விரலாலும் ஒரே நேரத்தில் அடிக்க முடிகிறவர் குழுவில் ஒருவர்தான் இருக்கிறார் என்பதால் பொறுப்பு பத்துக்கு ஒன்பது முறை அவர் மேல்தான் விழுகிறது.

பியானோ கையை எடுப்பதுதான் உயர்வு என்றால் பியானோவே வேண்டாமே என்று ஒருவர் கேட்கலாம். கேட்டிருக்கிறார்கள். ஜெரி மல்லிகன் 1952இல் பியானோ இல்லாத குவார்டெட் நடத்தினார். சாக்ஸஃபோன் கலைஞர் சன்னி ராலின்ஸ் 1957இல் இதே வான்கார்டில் பேஸும் டிரம்ஸும் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு தட்டே பதிவு செய்தார். இரண்டும் வெற்றி. ஆனால் ஆள் இல்லாமல் கிடக்கிற இடம் வேறு, ஆள் இருந்து விடுகிற இடம் வேறு. ராலின்ஸ் தட்டில் வெற்றிடம் முழுதும் அவருடையது, அவர் எப்படியும் நிரப்பிக்கொள்ளலாம். பெர்ஷிங்கில் ஜமால் நிறுத்தும்போது அடுத்து எந்தக் கணத்திலும் திரும்ப வருவார் என்ற எதிர்பார்ப்பு அந்த மௌனத்துக்குள்ளேயே இருக்கிறது. கிராஸ்பி அந்த எதிர்பார்ப்புக்கு எதிராக வாசிக்கிறார்.

எல்லா மௌனத்துக்கும் இதே மதிப்பு கொடுக்கவும் முடியாது. 1954 டிசம்பர் 24 அன்று மைல்ஸ் டேவிஸின் பதிவில் தெலோனியஸ் மங்க் பியானோ. தன் சோலோவின்போது பின்னால் வாசிக்க வேண்டாம் என்று மைல்ஸ் சொல்லிவிட்டதால் ‘பேக்ஸ் குரூவ்’ பாடலில் டிரம்பெட் ஒலிக்கும்போதெல்லாம் மங்க் சும்மா இருக்கிறார். அங்கே இடம் விட்டது மைல்ஸின் முடிவு, மங்க்குக்கு அதில் பங்கில்லை. ‘த மேன் ஐ லவ்’ பாடலின் இரண்டாவது டேக் இன்னும் விசித்திரம். பேஸும் டிரம்ஸும் விரைந்து ஓட, மங்க் மெட்டை அதன் மேல் இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டே வருகிறார். பாதி வழியில் நின்றுவிடுகிறார். பெர்சி ஹீத்தும் கென்னி கிளார்க்கும் தொடர்ந்து ஓடுகிறார்கள், பியானோ திரும்பவில்லை. கடைசியில் மைல்ஸ் டிரம்பெட்டில் ஒரு வரியை எடுத்துக் கொடுக்க, மங்க் திடுமென்று உள்ளே பாய்ந்து மீதியை முடிக்கிறார். ஜமால் நின்றால் அவருடைய ஆட்களுக்கு என்ன செய்வதென்று தெரிந்திருந்தது. மங்க் நின்றபோது, அந்தப் பதிவைக் கேட்கிற அளவில், யாருக்கும் தெரிந்ததாகப் படவில்லை. பியானோ சோலோ என்று பார்த்தால் அந்த டேக்குக்கு என் தாளில் முழு மதிப்பெண். குழு ஆட்டத்துக்குப் பாதிதான் போடுவேன், அந்தப் பாதியும் சரியான நொடியில் குறுக்கிட்ட டிரம்பெட்டுக்கு.