முதல் கார்

பதினேழு வயதுப் பையனுக்கு முதல் காராக ஸ்போர்ட்ஸ் கார் வாங்கித் தரலாமா? இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு நிக்கோலஸ் ரே எடுத்த 'ரெபல் வித்தவுட் எ காஸ்' (1955) என்ற அமெரிக்கப் படம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

அதிலே இரண்டு பையன்கள் திருட்டுக் கார்களில் மலை விளிம்பை நோக்கிப் பாய்கிறார்கள். முதலில் வெளியே குதிப்பவன் கோழை. ஒருவனுடைய சட்டைக் கை கதவுப் பிடியில் மாட்டிக்கொள்கிறது. காரோடு விழுந்து சாகிறான். இது வேகத்தைப் பற்றிய படம் என்று பலர் எண்ணுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பந்தயத்துக்கு முன் கதாநாயகன் தகப்பனாரிடம் யோசனை கேட்கிறான். ஏப்ரன் கட்டிக்கொண்டிருக்கும் அந்த நல்ல மனிதர் மழுப்புகிறார். சமையலறை ஏப்ரனையே பலவீனத்தின் அடையாளமாக்கியது டைரக்டரின் அவசரம். குற்றம் ஏப்ரனிலா இருக்கிறது? மழுப்பலில் அல்லவா இருக்கிறது!

கதாநாயகனாக நடித்த ஜேம்ஸ் டீன், படம் வெளிவருமுன்பே, 1955 செப்டம்பர் 30-ல் தம் போர்ஷே ஸ்பைடரில் போகும்போது, எதிரே திரும்பிய காரோடு மோதி இறந்தார். வயது 24. பந்தயங்களில் ஓட்டிப் பழகியவர். எதிரே வருகிறவன் எப்போது திரும்புவான் என்பதைப் பழகிய கையாலும் தீர்மானிக்க முடியவில்லை. பழகாத கைக்கு ஏன் அத்தனை வேகம்?

ஆகவே, முதல் கார் மெதுவான கிழட்டுக் காராகவே இருக்கட்டும். ஸ்போர்ட்ஸ் கார் கேட்டால், "கூடாது" என்று தகப்பனார் நேராகச் சொல்லட்டும். சண்டை வரும், வரட்டுமே. படத்துப் பையன் தகப்பனாரிடம் எதிர்பார்த்து நின்றதும் அப்படி ஒரு நேரான பேச்சைத்தானே?