முப்பது மில்லிமீட்டரின் விலை

அன்றாடம் ஓட்டும் ஸ்போர்ட்ஸ் செடானைத் தாழ்த்த முனைவோரிடம் ஒரு மதிப்பீட்டுப் பிழை வேரூன்றியிருக்கிறது: தாழ்வையே தகுதியாகக் கொள்வது. டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே உள்ள இடைவெளி சுருங்கினால் கார் மேம்பட்டுவிட்டது என்பது கண்ணின் தீர்ப்பு. ஈரமான வளைவில், நடுவே ஒரு பள்ளத்தைக் கடக்கும்போது சக்கரம் தரையை விடாமல் பற்றியிருக்கிறதா என்பதே சஸ்பென்ஷனின் தேர்வு. இந்த இரண்டாவது அளவுகோலை முதன்மையாகக் கொண்டால், சந்தையில் புகழ்பெற்ற பல தெரிவுகளின் வரிசை மாறிவிடுகிறது. அந்த வரிசையைச் சரியாக அடுக்குவதே இங்கு நோக்கம்.

மதிப்பீட்டுக்குரிய காராக பிஎம்டபிள்யூ 3 சீரிஸின் ஈ46 தலைமுறைச் செடானை எடுத்துக்கொள்கிறேன். 1998-இல் வெளிவந்த இந்தக் காருக்கு, வெறும் ஸ்பிரிங் முதல் உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய விலையுயர்ந்த காயில்ஓவர் வரை எல்லாத் தெரிவுகளும் உண்டு. ஒன்றோடொன்று ஒப்பிட இதைவிடப் பொருத்தமான களம் அரிது. முன்புறம் மாக்பெர்சன் ஸ்ட்ரட், பின்புறம் பல இணைப்புகள் கொண்ட தனியியக்க அமைப்பு. பின்புறத்தில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணில் இல்லாமல் தனித்தனி இடங்களில் நிற்கின்றன. எடை முன்னும் பின்னும் ஏறத்தாழச் சரிபாதி. தொழிற்சாலையே தந்த எம் ஸ்போர்ட் சஸ்பென்ஷன் வழக்கமான உயரத்தைவிட 15 மி.மீ. தாழ்ந்தது. ஆகவே இங்கு எந்த வெளிக் கிட்டும் ஒரு குறைபாட்டைத் திருத்த வரவில்லை. தேர்ந்த பொறியாளர்கள் எட்டிய ஒரு சமநிலையோடு போட்டியிட வருகிறது. நிரூபிக்கும் பொறுப்பு கிட்டுக்கே உரியது.

அளவுகோல்கள் நான்கு. முதலாவது, தாழ்த்திய பின் சக்கரம் மேலேற எஞ்சியிருக்கும் அமுங்கு தூரம். இரண்டாவது, ஸ்பிரிங்கின் விறைப்புக்கும் ஷாக்கின் தடுப்பு விசைக்கும் உள்ள இயைபு. மூன்றாவது, இணைப்புக் கைகளின் கோணங்களும் அவை வழி சக்கரத்தின் நிலையும் சிதையாமை. நான்காவது, ஆண்டுகள் தாங்கும் உழைப்பு. தோற்றம் ஐந்தாவதாக வரலாம். முதல் நான்கில் ஒன்றையும் அது விலக்க முடியாது.

தாழ்த்துவதால் கிடைக்கும் நன்மையைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. இத்தகைய செடான்களின் புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து சுமார் அரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 30 மி.மீ. இறக்கினால், வளைவில் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு நகரும் சுமை ஐந்தாறு விழுக்காடு குறையும். இது உண்மையான ஆதாயம். ஆனால் சிறிய ஆதாயம். ஒரு செட் நல்ல டயர் இதைவிட அதிகம் தரும்.

எதிர்ப்பக்கக் கணக்கு கடுமையானது. ஒரு சக்கரத்துக்கு 80 மி.மீ. அமுங்கு தூரம் இருப்பதாகக் கொள்வோம். 30 மி.மீ. தாழ்த்தினால் எஞ்சுவது 50. ஸ்பிரிங் உள்வாங்கும் ஆற்றல் அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்துக்கு விகிதமானது. அதே மேட்டின் அதே அடியை 50 மி.மீ.க்குள் விழுங்க வேண்டுமானால், ஸ்பிரிங் 2.56 மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும். அவ்வளவு விறைத்தால் உடலின் இயல்பு அதிர்வெண் 1.6 மடங்காகும்: 1.3 ஹெர்ட்ஸில் நிதானமாக மிதந்த கார் 2 ஹெர்ட்ஸைத் தாண்டும். அது பந்தயக் களத்துக்கு உரிய எண். பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் காருக்கு உரியதன்று. ஆகவே தெருவுக்கென விற்கப்படும் ஸ்பிரிங்குகள் பெரும்பாலும் அந்த விறைப்பைத் தொடுவதில்லை. மிச்ச வேலையை, அமுக்கத்தின் முடிவில் தடையாக நிற்கும் பம்ப் ஸ்டாப் செய்கிறது. தாழ்த்திய கார் ‘இறுக்கமாக’ இருக்கிறது என்று பலர் பாராட்டுவது, பெரும்பாலும் பம்ப் ஸ்டாப்பின் மேல் அது உட்கார்ந்திருப்பதைத்தான்.

மாக்பெர்சன் அமைப்பு இன்னொரு வரியும் விதிக்கிறது. கார் தாழும்போது கீழ்க் கையின் வெளிமுனை மேல்நோக்கித் திரும்புகிறது. அதனால் வளைவில் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த உருள்மையம் கீழிறங்குகிறது. அதுவும் புவியீர்ப்பு மையத்தைவிட விரைவாக இறங்குகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட நெம்புதூரம் நீள்வதால், விறைப்பை மாற்றாமல் தாழ்த்திய கார் வளைவில் முன்பைவிடக் கூடுதலாகவே சாயும். கார் எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு நன்றாக வளையும் என்ற நம்பிக்கை இந்த இடத்தில் உடைகிறது. இழப்பு ஒவ்வொரு மில்லிமீட்டரிலும் வேகமெடுக்கிறது. ஆதாயம் அப்படி வளர்வதில்லை.

இனித் தெரிவுகள். முதல் வகை, பழைய ஷாக்கை அப்படியே வைத்து ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுவது. ஐபாக் ப்ரோ-கிட், எச்&ஆர் ஸ்போர்ட் ஆகியவை இதன் அறியப்பட்ட முகங்கள். உலோகத் தரத்திலும் பூச்சிலும் இவற்றைக் குறை சொல்ல இடமில்லை. அமுங்க அமுங்க விறைக்கும் வடிவம் சிறு அதிர்வுகளில் மென்மையையும் பெரிய அடியில் எதிர்ப்பையும் தர முயல்கிறது. விலையும் குறைவு. குறை ஸ்பிரிங்கில் இல்லை. அது தனியே வருவதில் இருக்கிறது. விறைப்பு கூடும்போது அதே ஷாக்கின் தணிப்பு விகிதம் தானாகவே குறைகிறது. தொழிற்சாலை ஷாக் வேறொரு ஸ்பிரிங்குக்காக, வேறொரு உயரத்துக்காக வால்வு அமைக்கப்பட்டது. மேலும் இந்தக் காரின் வயதில் அது ஏற்கெனவே தளர்ந்திருக்கும். மேட்டைத் தாண்டியதும் உடல் ஒருமுறைக்கு இருமுறை எழுந்தமர்கிறது. நல்ல நிலையில் உள்ள எம் ஸ்போர்ட் ஷாக்குகளும் மிகச் சிறிய தாழ்வும் அமைந்த கார் ஒன்றே இதற்கு விலக்கு. மற்றவற்றில் இது பாதியில் நின்ற வேலை. ஸ்பிரிங்கை அறுத்துத் தாழ்த்தும் வழக்கம் மதிப்பீட்டுக்கே தகுதியற்றது: சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவக்கூடிய நிலை ஆபத்து, அதைத் தெரிவு என்று அழைக்க முடியாது.

இரண்டாம் வகை, ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தத் தேர்ந்த தொகுப்பு. பில்ஸ்டைன் பி12 இதன் சிறந்த மாதிரி: ஐபாக் ஸ்பிரிங்கும் பில்ஸ்டைன் பி8 ஷாக்கும் ஒரே பெட்டியில். இங்கு பி6, பி8 என்னும் வேறுபாட்டைக் கவனித்தாக வேண்டும். பி6 வழக்கமான உயரத்துக்கானது. பி8 தாழ்த்திய ஸ்பிரிங்குக்கெனக் குறுக்கப்பட்டது. குறுக்கிய ஷாக் தன் வீச்சின் நடுப்பகுதியில் வேலை செய்கிறது. குறுக்காத ஷாக் அடிமட்டத்தில் திணறுகிறது. இந்தச் சிறு வேறுபாட்டில்தான் தொகுப்பின் அறிவு அடங்கியிருக்கிறது. 1957-இல் மெர்சிடிஸ்-பென்ஸ் கார்களுக்கு வந்த ஒற்றைக்குழாய் வாயு ஷாக் மரபின் வாரிசு பி8. வெப்பத்தில் எண்ணெய் நுரைத்துத் தளர்வதை உயர் அழுத்த வாயு தடுப்பதால், நெடுஞ்சாலையில் நூறாவது கிலோமீட்டரிலும் முதல் கிலோமீட்டரின் பிடிப்பு நிற்கிறது. குறையும் அங்கேயே பிறக்கிறது. சீலின் உராய்வும் வாயு அழுத்தமும் சேர்ந்து, நகரத்தின் மெதுவான வேகத்தில் சாலையின் சிறு இணைப்புகளையும் கல்பாவிய தெருவையும் வறட்சியாகக் கடத்துகின்றன. வேகம் கூடும்போது இந்த வறட்சி கட்டுப்பாடாகக் கனிகிறது.

கோனியின் மஞ்சள் ஷாக் இதற்கு மாற்று. எழும் அசைவின் தணிப்பைத் திருகிக் கூட்டலாம் என்பதால், ஸ்பிரிங்கோடு இயைபை உரிமையாளரே தீட்டிக்கொள்ளலாம். ஷாக் தேயும்போது இழந்ததை ஓரளவு மீட்கவும் செய்யலாம். ஆனால் அமுங்கும் அசைவின் தணிப்பு மாறாதது. எழும் தணிப்பை மிகையாகத் திருகினால், அடுத்தடுத்த மேடுகளில் சக்கரம் முழுதாகக் கீழிறங்க நேரமின்றி கார் படிப்படியாக அமர்ந்துபோகும். வசதி திறமையைக் கேட்கிறது.

மூன்றாம் வகை காயில்ஓவர். இங்கு இரண்டு மட்டங்களைக் கலக்கக் கூடாது. கேடபிள்யூ வேரியன்ட் 1, பில்ஸ்டைன் பி14 ஆகியவற்றில் உயரம் மட்டும் மாறும், தணிப்பு நிலையானது. கேடபிள்யூ வேரியன்ட் 3-இல் அமுக்கம், எழுச்சி இரண்டும் தனித்தனியே திருகப்படும்; பில்ஸ்டைன் பி16-இல் பத்து நிலைகள் கொண்ட ஒரே திருகு இரண்டையும் சேர்த்து மாற்றும்; ஓலின்ஸ் ரோட் & டிராக் கூர்மையான அடிகளில் எண்ணெய்க்குத் தாராளமாக வழிவிடும் தன் வால்வுக்காக மதிக்கப்படுகிறது. மேல்மட்டத்தின் சாதனையை மறுக்க முடியாது. நல்ல கையில் இவை பி12 எட்டாத நுட்பத்தை எட்டுகின்றன. சிறு அதிர்வில் நயமும் பெரிய அடியில் உறுதியும் ஒருசேர அமைகின்றன.

ஆனால் காயில்ஓவரின் மையக் கவர்ச்சியான உயரத் திருகு, தினசரிக் காருக்கு அதன் மிகப் பலவீனமான வாதம். ஈ46-இன் முன்புறத்தில் பெரும்பாலான கிட்டுகள் ஸ்பிரிங்கின் கீழ் இருக்கையை இறக்கியே உயரத்தைக் குறைக்கின்றன. ஆகவே கீழ்நோக்கிய ஒவ்வொரு சுற்றும் அமுங்கு தூரத்திலிருந்து நேரடியாகக் கழிகிறது. ஷாக்கின் நீளத்தையே மாற்றும் கிட்டுகள் உள்வீச்சைக் காப்பாற்றினாலும், டயருக்கும் உடலுக்கும் இடையிலான இடத்தை அவற்றால் உருவாக்க முடியாது. பின்புறத்தில், தனியே நிற்கும் ஸ்பிரிங்கின் இருக்கையில்தான் திருகு வருகிறது. பெயர் காயில்ஓவர் என்றாலும் அமைப்பு பழையபடியே. திருகு தரும் சுதந்திரத்தைப் பலர் ஒரே திசையில் மட்டும் பயன்படுத்துகிறார்கள். முன்புற ஃபெண்டர் இடைவெளியைப் பின்புறத்தோடு சமமாக்க முன்பக்கத்தை அதிகம் இறக்குவது இதன் பொதுவான வடிவம். பின்புற அதிர்வெண் முன்புறத்தைவிடச் சற்று மேலே இருந்தால் மேட்டுக்குப் பின் உடல் விரைவில் சமநிலையடையும் என்பது பொறியாளர் மாரிஸ் ஒல்லி 1930-களில் வகுத்த பாடம். முன்புறத்தை பம்ப் ஸ்டாப்பின் மேல் அமர்த்தும் இடைவெளிக் கணக்கு அந்த நுட்பமான ஒழுங்கைக் கலைத்துவிடுகிறது. மேலும் மழை, உப்பு, சேறு படும் திருகு மரை பராமரிப்பைக் கேட்கிறது. கேடபிள்யூ துருப்பிடிக்காத எஃகுக்குப் போனது இந்த உழைப்புக் கேள்விக்கான நேர்மையான பதில்.

தெரிவு எதுவாயினும், தயாரிப்புப் பட்டியலில் இல்லாத ஒரு பகுதி அதைத் தீர்மானிக்கிறது. ஈ46-இன் முன்புறக் கட்டுப்பாட்டுக் கையின் புஷ், பின்புற ட்ரெயிலிங் ஆர்ம் புஷ், பின் ஷாக்கின் மேல் மவுன்ட் ஆகியவை தேய்பவை என்பது இந்தக் காரை அறிந்தோர் அனைவருக்கும் தெரிந்ததே. பின் சப்ஃபிரேம் பொருந்தும் தளத் தகட்டில் விரிசல் விழும் இயல்பும் அப்படியே. தளர்ந்த புஷ்களின் மேல் புதிய ஷாக் பொருத்தினால், கூடிய விசை அந்தத் தளர்ச்சியையே பெருக்கும். ரப்பர் புஷ்களின் போல்ட்டைக் கார் தூக்கிய நிலையில் இறுக்குவதும் பரவலான தவறு. ரப்பர் முறுக்கிய நிலையிலேயே பிணைக்கப்பட்டு, விரைவில் கிழியும். கார் தன் எடையில் நிற்கும் உயரத்தில்தான் இறுக்க வேண்டும். அதன்பின் வீல் அலைன்மென்ட்: தாழ்த்தினால் பின்சக்கரங்களின் எதிர்க் கேம்பர், அதாவது மேல்விளிம்பின் உட்சாய்வு, கூடி, டயரின் உள்விளிம்பு தின்னப்படும். பின்புறத்தில் கேம்பரைத் திருத்த எக்சென்ட்ரிக் போல்ட் உண்டு. முன்புறத்தில் அந்தத் தாராளம் இல்லை. ஸீனான் விளக்குள்ள காரில் உயர உணரியையும் புதிய உயரத்துக்கு அளவிட வேண்டும். இல்லையேல் விளக்கின் ஒளிக்கோடு தவறும்.

ஜெர்மனியின் நடைமுறை இங்கு ஒரு நல்ல முறையியலைக் கற்பிக்கிறது. அங்கு தாழ்த்தும் கிட்டுக்கு, எந்த அச்சுச் சுமைக்கு, எந்த அளவு சக்கரத்தோடு, எவ்வளவு தாழ்வு வரை என்று எல்லை குறித்த சான்று வேண்டும். பெரும்பாலான கிட்டுகளைப் பொருத்திய பின் ஆய்வாளர் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். சான்றில்லாத மாற்றம் வாகனத்தின் இயக்க அனுமதியையே இழக்கச் செய்யும். சட்டத்தின் கண்டிப்பைவிட முக்கியமானது, அது கேட்கும் கேள்வி: முழுச் சுமையில், முழு ஸ்டியரிங் திருப்பத்தில், முழு அமுக்கத்தில் என்ன நடக்கிறது? சான்று தராத தயாரிப்பாளர் இந்தக் கேள்விக்குப் பதில் தரவில்லை. எந்த நாட்டில் ஓட்டினாலும் இந்தச் சான்றை ஒரு குறைந்தபட்சத் தரமாகக் கொள்வது அறிவுடைமை.

தீர்ப்பு இது. தினமும் ஓடும் ஈ46-க்கு வழக்கமான உயரத்திலிருந்து 30 மி.மீ. எல்லை, 20 முதல் 25 மி.மீ. வரை சிறப்பு. எம் ஸ்போர்ட் சஸ்பென்ஷன் உள்ள காரில் முதல் 15 ஏற்கெனவே செலவாகிவிட்டது என்பதை மறக்கலாகாது. முதலிடம் பொருத்தமான ஸ்பிரிங்-ஷாக் தொகுப்புக்கு, புதிய புஷ்களோடும் மவுன்ட்டுகளோடும். நகரத்துச் சாலையிலேயே பெரும்பாலும் ஓட்டுவோர் பி8-இன் வறட்சியை ஏற்க இயலாவிட்டால், கோனியை மென்மையான அமைப்பில் வைத்து அதே தாழ்வைப் பெறலாம். இரண்டாமிடம் இருவகைத் தணிப்பும் திருகக்கூடிய மேல்மட்டக் காயில்ஓவருக்கு. ஆனால் அமுங்கு தூரத்தை அளந்து குறிக்கும், ஒவ்வொரு மாற்றத்தையும் சோதிக்கும் உரிமையாளருக்கு மட்டும். தணிப்பு மாறாத காயில்ஓவர், உயரத் திருகுக்காக இயைபை விலையாகக் கொடுப்பதால் மூன்றாமிடம். ஸ்பிரிங் மட்டும் மாற்றுவது கடைசி. பணம் ஒன்றுக்கு மட்டுமே உண்டென்றால், உயரத்தைத் தொடாமல் புதிய ஷாக்கும் புஷ்களும் போடுங்கள். காரைத் தாழ்த்திய பெரும்பாலானவர்கள் தேடியது அங்கேயே கிடைக்கும்.