தேக்கு நாற்காலியும் தருமபுரி வெயிலும்

தருமபுரியில் கோடை ஏறியதும் பழைய மரக்கதவு நிலையில் லேசாக ஆடும். மழைக்காலத்தில் அதே கதவு உரசும். காற்றின் ஈரத்தை வாங்கியும் விட்டும் மரம் விரிந்து சுருங்குவதுதான் காரணம். தேக்கில் இந்த அசைவு குறைவு. இப்படியொரு வறண்ட ஊருக்கு அதைவிடப் பொருத்தமான மரம் அரிது.

அதன் வைரத்தில் இயல்பாகவே எண்ணெய்ப்பசை உண்டு. டெக்டோகுவினோன் என்ற பொருளும் இருப்பதால் கறையான் எளிதில் அண்டாது. ஓரத்து வெள்ளைப் பகுதிக்கு அந்தக் காப்பு இல்லை. நாற்காலி வாங்குகிறவர் காலையும் சட்டத்தையும் திருப்பிப் பார்ப்பது இதற்காகத்தான்.

1840களில் கேரளத்து நிலம்பூரில் வன அதிகாரி சாத்து மேனன் மேற்பார்வையில் நட்ட தேக்குகளில் சில இன்றும் நிற்கின்றன. அத்தனை ஆயுள் கொண்ட மரம் வீட்டுக்குள் வந்ததும் ஈரத்துணியால் பாழாவது வருத்தத்துக்குரியது.

அன்றாடத்துக்கு உலர்ந்த பருத்தித் துணி போதும். ஜன்னலோர வெயிலில் மேசையை நிறுத்தக் கூடாது. ஒருபக்கம் மட்டும் வெளுக்கும். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் பிரெஞ்சு பாலிஷ் தேக்கின் ரேகையை எடுத்துக்காட்டும் அழகே தனி. ஆனால் சூடான காபி டம்ளரை அது தாங்காது. வெள்ளை வளையம் விழுந்துவிடும்.

மங்கிப்போன பரப்பை நுண்ணிய உப்புத்தாளால் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் பாலிஷுக்குப் பிறகு இன்னும் பளிச்சென்று தெரியும். பிறகு ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்தெடுக்கலாம். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடுவது ஆபத்து: எண்ணெய் உலரும்போது சூடு கிளம்பி, துணி தானாகவே தீப்பிடிக்கும். அதை வெளியே விரித்து உலர்த்தியோ, தண்ணீரில் நனைத்தோதான் அப்புறப்படுத்த வேண்டும்.