ஏழு ஆண்டுக்குப் பிறகு சந்தேகம் யார் பக்கம்?

ஊன ஓய்வூதியம் வாங்கிவந்த முன்னாள் ராணுவ வீரர் வீட்டில் இறந்துபோகிறார். அந்த ஓய்வூதியத்துக்குக் காரணமான நோய்தான் உயிரையும் வாங்கியதா என்று மருத்துவத்தால் அறுதியிட முடியவில்லை. சந்தேகத்தின் பலன் யாருக்கு? 1982ஆம் ஆண்டு ராணுவ உரிமை விதிகள் இதற்கு இரண்டு பதில் வைத்திருந்தன. உடல்தகுதி இல்லையென்று பணியிலிருந்து அனுப்பப்பட்ட 7 ஆண்டுக்குள் இறந்தால், பாதகமான வேறு காரணம் இல்லாதவரை, குடும்பத்துக்கு. அதைத் தாண்டினால் அரசுக்கு.

பதில் மாறினால் பணம் பாதியாகிறது. சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசி ஊதியத்தில் 30 சதவீதம். இறப்புக்குப் பணியே காரணம் என்று ஏற்றால் கிடைக்கும் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் 60 சதவீதம். 40,000 ரூபாய் ஊதியம் என்று வைத்துக்கொண்டால் 12,000 எங்கே, 24,000 எங்கே?

அரசுத் தரப்பிலும் நியாயம் உண்டு. ஆண்டுகள் ஓட ஓட சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, புகையிலை, முதுமை எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. எல்லாச் சாவுக்கும் பட்டாளத்தைக் காரணம் காட்ட முடியாது. எங்காவது ஒரு கோடு போட்டாக வேண்டும்.

ஆனால் ஆதாரம் யார் கையில் இருக்கிறது? திருத்தணி போகும் வழியிலுள்ள கனகம்மாசத்திரம் போன்ற ஊரில் வீட்டில் இறந்தவருக்குப் பிரேதப் பரிசோதனை செய்வது வழக்கமில்லை; மறுநாளே இறுதிச் சடங்கு முடிந்துவிடும். மனைவியிடம் மிஞ்சுவது டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, சில ஆஸ்பத்திரிச் சீட்டுகள். மருத்துவ வாரியத்தின் முழு அறிக்கை ராணுவ ஆவணக் காப்பகத்தில். ஆவணத்தை வைத்திருப்பவருக்கே சந்தேகத்தின் பலனையும் கொடுப்பது எப்படி நியாயமாகும்?

இதே விதிகள் இன்னோரிடத்தில், உரிமை கோருபவரை நிரூபிக்கச் சொல்லக் கூடாது என்றன. 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத்தான் அழுத்திச் சொன்னது. பிரிட்டனின் பழைய போர் ஓய்வூதியத் திட்டத்திலும் 7 ஆண்டுக் கோடு உண்டு. அதற்குப் பிறகு நிரூபிக்கும் சுமை குடும்பத்தின் மேல் விழுகிறது. ஆனாலும் நம்பத்தக்க சான்றின் பேரில் நியாயமான சந்தேகம் எழுந்தால் பலன் குடும்பத்துக்கே. அங்கே சுமைதான் கைமாறுகிறது; இங்கே சந்தேகமே கைமாறியது.

குடும்பத்தின் உரிமையை அரசு எவ்வளவு தூரம் எதிர்க்கும் என்பதற்கு 2024 டிசம்பர் தீர்ப்பு சாட்சி. எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டருகே கடுங்குளிரில் ரோந்து போனபோது இறந்த நாயக் ஒருவரின் மனைவிக்கு ஆயுதப்படைத் தீர்ப்பாயம் கொடுத்த கூடுதல் ஓய்வூதியத்தை எதிர்த்து மத்திய அரசு மேல்முறையீடு செய்தது. உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்து, 50,000 ரூபாய் செலவுத்தொகையும் விதித்தது.

ஆகவே என் முடிவு இது. பணியை விட்டுப் பல ஆண்டு கழித்துப் புதிதாக வந்த நோய் என்றால், குடும்பம் நிரூபிக்கட்டும், அதில் தவறில்லை. ஆனால் பணியால் வந்த நோய் என்று அரசே ஒப்புக்கொண்டு, சாகும்வரை ஓய்வூதியமும் கொடுத்திருந்தால், வேறு காரணத்தை அரசுதான் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால், 8ஆம் ஆண்டானாலும் 28ஆம் ஆண்டானாலும், 60 சதவீதத்தைக் கொடுத்துவிட வேண்டும்.